பொதிகளைத் தொகுக்கும் கலையும் சீர்காழி நூலகரும்

கட்டற்ற இயங்குதளங்களுள் மூத்தவற்றில் ஒன்றாகிய டெபியனின் பதின்மூன்றாம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி வெளிவந்தபோது, அதன் களஞ்சியத்தில் அடங்கிய மென்பொருட் பொதிகளின் தொகை 69,830 என்று அதனை ஆக்கியோர் அறிவித்தார்கள். 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இயன் மேர்டொக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிவைத்த முயற்சி, உலகெங்குமுள்ள தொண்டர்களின் சிரத்தையினால் இத்துணை விஸ்தாரமாக வளர்ந்திருப்பதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வியப்பும் நன்றியும் உண்டாகின்றன. ஆயினும் இவ்வெழுபதினாயிரத்தை அண்மிய பொதிகளுக்கிடையே தனக்கு வேண்டிய ஒன்றை, கணினியை அண்மையில்தான் தொடக் கற்றுக்கொண்ட ஒருவர் எவ்வாறு கண்டடைவார் என்ற வினா இருக்கின்றதே, அதுதான் திருகோணமலையில் உட்துறைமுகத்தை அண்டிய ஒரு சிறு வாசிகசாலையின் கணினி அறையை நண்பர்களோடு சேர்ந்து பராமரித்துவரும் எனக்கு நெடுநாளாக மனத்தை விட்டு அகலாத விஷயமாக இருந்துவருகின்றது. இந்தப் பதிவில் அதனைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகின்றேன்.

டெபியனில் ஒவ்வொரு பொதியும் தன்னைப் பற்றிய விவரக் குறிப்பொன்றைச் சுமந்துகொண்டே வருகின்றது. அதன் பெயர், பதிப்பெண், அது இயங்குவதற்கு வேறு எந்தெந்தப் பொதிகள் அவசியம் என்ற சார்புப் பட்டியல், பராமரிப்பவரின் பெயர் ஆகியவற்றோடு, அது எந்தப் 'பிரிவை'ச் சேர்ந்தது என்ற ஒரு வரியும் அக்குறிப்பில் உண்டு. விளையாட்டு, கல்வி, எழுத்துரு, கணிதம், அஞ்சல், ஒலி, விஞ்ஞானம் என்றவாறு அமைந்த இப்பிரிவுகள் ஏறத்தாழ 60 இருக்கும். ஒரு பொதிக்கு ஒரே பிரிவுதான். இரண்டில் நிற்க அதற்கு அனுமதி இல்லை. இவ்வேற்பாடு தோன்றிய காலத்தில் பொதிகள் சில நூறே இருந்தமையால் அது போதுமானதாகவே இருந்திருக்கும். இன்றோ அதன் குறை எளிதிற் புலனாகின்றது.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகு கொண்டுசெல்லும் குடும்பத்திலிருந்து எங்கள் அறைக்கு வரும் ஒரு மாணவன், "சேர், கடல் வரைபடம் பாக்கிற சாமான் எந்தப் பகுதிக்குள்ள கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. 'ஓபன்சிபிஎன்' என்ற அருமையான கடல்வழிச் செயலி டெபியனிலே உண்டு. செய்மதி இடங்காட்டியோடு இணைத்தால் படகு நிற்குமிடத்தை வரைபடத்தின்மீது காட்டவல்லது. ஆனால் அந்த ஏறத்தாழ 60 பிரிவுகளுள் கடற்பயணத்துக்கென்று ஒன்று இல்லை. புவியியலுக்கென்றும் ஒன்று இல்லை. அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு மாத்திரம் தனிப் பிரிவு உண்டு. இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. டெபியனை ஆக்கியவர்களுள் வானொலி ஆர்வலர் பலர் இருந்தார்கள், தங்கள் பொதிகளைத் தாங்களே ஒழுங்குசெய்தார்கள், அதனால் அவர்களுக்கு ஒரு பிரிவு வாய்த்தது என்றே நான் கருதுகின்றேன். படகோட்டிகள் அந்தக் கூட்டத்தில் அதிகம் பேர் இருந்திருக்கமாட்டார்கள். எந்தப் பகுப்பும் அதனை வகுத்தவர்களுடைய வாழ்க்கையின் சாயலைக் கொண்டதாகவே இருக்கும் என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றோர் இயங்குதளத்திலும் இதே சங்கடம் நேர்ந்தது. அவர்கள் சிறிது யுக்தியாக அதனைத் தீர்க்க முயன்றார்கள். அங்கே ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிய கோப்புறை ஒரு பிரதான வகுப்பின்கீழ் இருக்கும். எனினும் அம்மென்பொருள் வேறு வகுப்புகளிலும் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். கோப்புறையே இல்லாமல் பெயரளவில் மாத்திரம் நிலவும் வகுப்புகளும் அங்கே உண்டு. ஜப்பானியம், கொரியம், வியட்நாமியம், ஹீப்ரு முதலிய மொழிகளுக்குத் தனிக் கோப்புறைகள் அமைத்த அவர்களிடம் தமிழுக்கென்று ஒன்று இல்லை.

ஒரு பொருளை ஒரே இடத்தில்தான் வைக்க முடியும், ஆயினும் அதனைத் தேடிவருவோர் பல திசைகளிலிருந்து வருவார்கள் என்ற இந்தப் பிரச்சினை தமிழருக்குப் புதியதன்று. திருஞானசம்பந்தர் திருகோணமலைக் கோணேசர்மீது அருளிய பதிகம், நம்பியாண்டார் நம்பி வகுத்ததாகச் சொல்லப்படும் பண்முறை அடைவில், புறநீர்மைப் பண்ணுக்குரிய பதிகங்களோடு மூன்றாம் திருமுறையில் அமைந்திருக்கின்றது. நமக்கு மறுகரையில், மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரத்தின்மீது அவர் பாடிய பதிகமோ நட்டராகத்தில் அமைந்தமையால் இரண்டாம் திருமுறையில் இருக்கின்றது. பண்முறையை மாத்திரம் அறிந்த ஒருவருக்கு இவ்விரு பதிகங்களுக்கும் சம்பந்தமிருப்பதாகவே தோன்றாது. அதே தேவாரத்தைத் தலமுறையில் அடைவுசெய்த பதிப்பைக் கையிலெடுத்தால், ஈழநாட்டுத் தலங்கள் என்ற தலைப்பின்கீழ் இரண்டும் பக்கத்திற் பக்கமாக நிற்கக் காண்போம். ஓதுவார் பண்ணின் வழியாக வருகின்றார். யாத்திரிகர் தலத்தின் வழியாக வருகின்றார். இருவருக்கும் ஒரே பதிகம்தான் வேண்டும். பண், தலம், பாடியவர் என்பன ஒரே பாட்டின் வெவ்வேறு முகங்கள் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தமையாலேதான் இருவகை அடைவுகளும் நமக்குக் கிடைத்தன.

சம்பந்தர் பிறந்த அதே சீர்காழியில் 1892ஆம் ஆண்டிற் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, கணித ஆசிரியராகவே சில காலம் கழித்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே நூலகக் கலையைப் பயில இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பாடங்கேட்டும், இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரிற் சென்று பார்த்தும் வந்த காலத்தில், அக்கால நூலகங்களில் ஆட்சிசெலுத்திய டூயியின் தசமப் பகுப்பு அவருக்குத் திருப்தி தரவில்லை. 1876இல் வெளிவந்த அந்த முறை, அறிவு முழுவதையும் முன்கூட்டியே அறைகளாகப் பிரித்து எண்ணிட்டு வைத்துக்கொண்டு, வருகின்ற ஒவ்வொரு நூலையும் அவற்றுள் ஏதேனும் ஒன்றில் அடக்க முயல்வது. அடங்காத நூல் வரும்போது என்ன செய்வது? செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய அங்காடியிலே 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளை, அதாவது சில சட்டங்களையும் திருகாணிகளையும் கொண்டு எத்தனையோ விதமான உருவங்களைச் சமைக்கக்கூடிய அந்தப் பெட்டியை, இயக்கிக் காட்டக் கண்டபோதுதான் அவருக்கு விடை புலப்பட்டது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அறைகளை முன்கூட்டி வகுக்க வேண்டியதில்லை. அடிப்படைக் கூறுகளை மாத்திரம் வகுத்துக்கொண்டால், ஒவ்வொரு நூலுக்கும் உரிய இடத்தை அந்தக் கூறுகளை இணைத்து அவ்வப்போது அமைத்துக்கொள்ளலாம்.

1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இக்கருத்தின்மீது எழுந்ததே. ஒரு விஷயத்தை அதன் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களால் நோக்கலாம் என்று பின்னர் அவர் அதனைச் செம்மைப்படுத்தினார். நூலகங்களில் அவருடைய முறை பரவலாக நிலைபெறவில்லை என்பது உண்மை. அலமாரியிலே புத்தகம் ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்ற பௌதிக நிர்ப்பந்தம் அவரது சிந்தனையைப் பாதியிலே தடுத்துவிட்டது. கணினிக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. ஆதலால் அவருடைய எண்ணம் முழுமையாகச் செயற்படக்கூடிய களம், அவர் 1972இல் காலமான பின்னரே உருவாயிற்று என்பது என் துணிபு.

2003ஆம் ஆண்டளவில் என்ரிக்கோ சினி என்ற இத்தாலிய நாட்டு டெபியன் தொண்டர், பிரிவுகளின் போதாமையைக் கண்டு 'டெப்டாக்ஸ்' என்ற குறிச்சொல் முறையைத் தொடங்கியபோது, தமக்கு வழிகாட்டியாக எடுத்துக்கொண்டது ரங்கநாதனின் முகப் பகுப்பையே. அதனை அவர் மறைக்காமல் எழுதியுமிருக்கின்றார். இம்முறையில் ஒரு பொதி எத்தனை குறிச்சொற்களையும் தாங்கலாம். ஆனால் ஒவ்வொரு குறிச்சொல்லும் ஏதேனும் ஒரு முகத்தைச் சார்ந்ததாயிருத்தல் வேண்டும். இப்பொதியின் பாத்திரம் என்ன, செயலியா, நூலகக் கோப்பா, வெறுந் தரவா? எந்தக் காரியத்துக்கு உபயோகப்படுகின்றது? முனையத்தில் இயங்குவதா, வரைகலைத் திரையில் இயங்குவதா? எந்தத் துறையைச் சேர்ந்தது? எந்த வன்பொருளோடு உறவாடும்? எந்தப் பண்பாட்டுக்குரியது? இவ்வாறு முகங்கள் விரிகின்றன. பண்பாடு என்ற முகத்தின்கீழ் 'தமிழ்' என்ற குறிச்சொல் இருப்பதை முதன்முதலிற் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. சீர்காழிக் கணித ஆசிரியர் ஒருவரின் சிந்தனை சென்னையிலிருந்து உலகஞ் சுற்றி, ஓர் இத்தாலியரின் கைவழியாக ஈழத்துக் கடற்கரையிலுள்ள ஒரு பழைய கணினிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றது.

அந்த மாணவனுடைய வினாவுக்கும் இம்முறையிலே விடை உண்டு. பாத்திரம் 'செயலி', துறை 'புவியியல்', வன்பொருள் 'ஜிபிஎஸ்' என்று மூன்று முகங்களையும் சேர்த்துத் தேடுகின்றபோது, எழுபதினாயிரம் என்ற தொகை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடுகின்றது.

எனினும் குறிச்சொல் தேடித் தருமேயன்றி ஒன்றுசேர்த்துத் தராது. ஆசிரியர் ஒருவர் புதிய கணினியை எங்களிடம் தந்து, 'பத்தாந் தரத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியவற்றை இதில் ஏற்றித் தாருங்கள்' என்று கேட்கும்போது, அவருக்கு வேண்டியது தேடலன்று. முடிந்த முடிபாக ஒரு தொகுதி. இதற்காக ஏற்பட்டவை மெட்டா பொதிகள். உள்ளே யாதொரு மென்பொருளும் இல்லாத வெறும் பொதி அது. சார்புப் பட்டியல் ஒன்றே அதன் உடல். அதனை நிறுவுமாறு கட்டளையிட்டால், பட்டியலிலுள்ள அனைத்தும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். இந்திய மொழிகளின் எழுத்துருக்கள் யாவற்றையும் ஒருசேரக் கொண்டுவருவதற்கு இத்தகைய ஒரு பொதி உண்டு. டெபியனை நிறுவும்போது 'மேசைத்தளம் வேண்டுமா, இணையச் சேவையகம் வேண்டுமா' என்று கேட்கும் திரையின் பின்னணியில் நிற்பவையும் 'பணி'கள் என்று பெயர்பெற்ற இவ்வகைப் பொதிகளே. ஃபெடோராக்காரர்கள் இதே காரியத்தைத் தனிக் கோப்பொன்றில் குழுக்களாக எழுதிவைத்து, ஒவ்வொரு குழுவிலும் கட்டாயமானவை, வழக்கமானவை, விருப்பத்துக்குரியவை என்று தரம் பிரித்தார்கள். அவர்களிடம் தமிழுக்கென்று இருந்த குழு, 2016இல் வந்த 24ஆம் பதிப்போடு மொழிப் பொதியாக உருமாறியது.

இங்கே நுணுக்கமான விஷயம் ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல எனக்கு மனமில்லை. ஒரு பொதி வேறொன்றின் பொருட்டுத் தானாக வந்ததாயின், அதனைக் கொண்டுவந்த பொதி நீங்கியதும், 'இனி இதனால் பிரயோஜனமில்லை' என்று கருதி அதனையும் நீக்கச் சம்மதம் கேட்பது ஏபிடி என்னும் நிர்வாகக் கருவியின் இயல்பு. மெட்டா பொதியின் சார்பிலுள்ள ஒரேயொரு விளையாட்டை வேண்டாமென்று நீக்கினால், மெட்டா பொதியும் கூடவே நீங்க, அதனால் வந்த ஏனைய அனைத்தும் அநாதையாகிவிடும் அபாயம் இதனால் உண்டாகின்றது. இதனைத் தவிர்ப்பதற்கு டெபியன் ஆக்குநர்கள் கண்ட வழி என்னவென்றால், 'மெட்டா பொதிகள்' என்ற பிரிவிலுள்ள பொதியால் வந்தவற்றை, உபயோகிப்பாளரே கேட்டு வாங்கியவையாகக் கொள்ளவேண்டும் என்று ஏபிடிக்கு விதித்ததுதான். அலமாரியின்மீது ஒட்டிய பெயர்ச்சீட்டு என்று நாம் எண்ணியிருந்த பிரிவு, இங்கே இயந்திரத்தின் நடத்தையையே நிர்ணயிக்கின்றது. பகுத்தல் என்பது அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விதியைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

மெட்டா பொதிகளின் பலத்தில் எழுந்தவையே 'பியூர் பிளென்ட்ஸ்' என்று வழங்கும் முயற்சிகள். 2000ஆம் ஆண்டிலே சிறுவர்களுக்காகத் தொடங்கிய டெபியன் ஜூனியர், நோர்வேயிலே 2001இல் பாடசாலைகளுக்கெனத் தோன்றிய ஸ்கோலேலினக்ஸ், 2002இல் மருத்துவத் துறைக்கு வந்த டெபியன் மெட், பின்னர் புவியியல் தகவற் பணிகளுக்கு அமைந்த டெபியன் ஜிஐஎஸ் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. டெபியனிலிருந்து பிரிந்துபோய் வேறோர் இயங்குதளம் ஆக்குவதில்லை என்பதே இவற்றின் விரதம். டெபியனுக்கு உள்ளேயே நின்று, ஒரு தொழிலுக்கோ ஒரு பருவத்துக்கோ வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்துத் தொகுத்துக் கொடுப்பதோடு அமைந்துவிடுகின்றன.

இதுவே நமக்கும் உகந்த வழி என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தியாவில் சீ-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு 2007இல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. இலங்கையில் ஹந்தானை மலைத்தொடரின் பெயரால் ஃபெடோராவிலிருந்து கல்விக்கென ஓர் இயங்குதளத்தை ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகள். ஆனால் முழு இயங்குதளம் ஒன்றை வெளியிடுவோர், அதன் பாதுகாப்புத் திருத்தங்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து தரும் கடப்பாட்டையும் ஏற்கின்றார்கள். அரச ஸ்தாபனம் ஒன்றுக்கே பாரமான அக்கடமையைச் சில நண்பர்களின் மாலைநேர உழைப்பு தாங்காது. ஒரு பட்டியலைப் பராமரிக்க அதுவே தாராளமாகப் போதும்.

எங்கள் கணினி அறைக்கு 'ஈக்விவ்ஸ்' என்ற சிறு கருவியைக் கொண்டு மெட்டா பொதியொன்று செய்திருக்கின்றோம். ஒரு பக்கத்துக்கும் குறைந்த உரைக்கோப்பில் பெயர்களை எழுதிக் கொடுத்தால் அது பொதியாக்கித் தந்துவிடுகின்றது. என்ன சேர்ப்பது என்று அமர்ந்து யோசித்தபோதுதான், 'தமிழ்' என்று டெபியனில் ஏற்கெனவே இருக்கும் பணி எங்களுக்கு ஏன் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது விளங்கிற்று. அது மொழி என்ற ஒரு முகத்தை மாத்திரம் நோக்குவது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தமிழ்99 விசைப்பலகை பழக்கம். இங்கே தட்டச்சுப் பயின்ற எழுதுவினைஞர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகைதான் கைவந்தது. (அந்தப் பெயரைக் கண்டு நூலகர் ரங்கநாதனோடு மயங்கவேண்டாம்.) 'எம்17என்' தொகுப்பிலே இரண்டுமே உண்டு, எது முதலிற் கிடைக்கவேண்டும் என்பதை இடம் என்ற முகமே தீர்மானிக்கும். திகதி எழுதும் முறை, நாணயக் குறி முதலியவற்றுக்குத் தமிழ்-இந்தியா, தமிழ்-இலங்கை என இரு அமைப்புகள் இருப்பதும் இக்காரணத்தாலேயே. மேலும் திருகோணமலை ஒருமொழி ஊரன்று. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் தமிழிற் படிக்க, சீனன்குடாப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் சிங்களத்திற் படிக்கின்றார்கள். ஆகவே லங்கா லினக்ஸ் உபயோகிப்பாளர் குழு ஆக்கிய சிங்கள எழுத்துருவும், சிங்கள விசைப்பலகையும், தமிழ் எழுத்துருக்களோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றன. எந்த நாட்டு மொழிக்குழுவும் இவற்றைச் சேர்த்து வைப்பதற்கு முகாந்திரமில்லை. இந்தத் துறைமுகப் பட்டினத்தில் வாழ்பவர்களுக்கே அவை சேர்ந்திருக்க வேண்டியவை.

அவற்றோடு லிப்ரெஓஃபிஸும் அதன் தமிழாக்கமும், சிறுவர்க்கு ஜிகொம்பிரிஸும், இணையமில்லாத வேளையிலும் விக்கிப்பீடியாவை வாசிக்க உதவும் கிவிக்ஸும், நிலப்படம் வரையக் கியூஜிஐஎஸும், மேலே சொன்ன ஓபன்சிபிஎன்னும் பட்டியலில் உள்ளன. எழுத்துருக்களை மாத்திரம் கட்டாயச் சார்பாகவும், ஏனைய யாவற்றையும் 'பரிந்துரை'யாகவும் எழுதினோம். பரிந்துரைகளும் வழக்கமாகத் தாமே வந்துவிடுகின்றன, ஆயினும் அவற்றுள் ஒன்றை ஆசிரியர் ஒருவர் நீக்கினால் தொகுதி கலைவதில்லை. இணைப்புக் கட்டணம் நமக்குப் பெரும் பாரமாதலால், அறையிலுள்ள ஒரு கணினியில் 'ஏபிடி-கேச்சர்-என்ஜி'யை நிறுவியிருக்கின்றோம். ஒருமுறை இறக்கிய பொதியை அது சேமித்துவைத்து மற்றக் கணினிகளுக்கெல்லாம் வழங்கிவிடும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்றாக ரங்கநாதன் வகுத்தார்; நம்முடைய சூழ்நிலையில் வாசகருடைய பணத்தையும் மிச்சப்படுத்த வேண்டியிருக்கின்றது.

இனிச் செய்ய வேண்டியிருப்பது விவரக் குறிப்புகளின் தமிழாக்கம். ஒரு பொதி எத்தனை நேர்த்தியாகத் தொகுக்கப்பட்டிருந்தாலும், அதன் விவரக் குறிப்பு ஆங்கிலத்தில் மாத்திரம் இருக்குமாயின், 'வரைபடம்' என்று தமிழில் எழுதித் தேடும் பிள்ளைக்கு அது அகப்படாது. டெபியனில் இவற்றை மொழிபெயர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் நெடுங்காலமாக நடந்துவருகின்றது. ஒரு பொதிக்கு ஒரு சிறு தலைப்பும் ஒன்றிரண்டு பந்திகளுமே விவரக் குறிப்பு. கணினி நிரலாக்கம் அறியாத தமிழாசிரியர் ஒருவரும் ஓய்வுவேளையில் அதனைச் செய்யலாம். எங்கள் பட்டியலிலுள்ள பொதிகளிலிருந்து நாங்கள் தொடங்கியிருக்கின்றோம்; கடல்வழிச் செயலியின் குறிப்பை முதலில் எடுத்திருக்கின்றோம். படகு, வள்ளம், வலை, காற்று ஆகியவற்றுக்கு இங்குள்ள மீனவர்கள் வழங்கும் சொற்களை அறிந்த அன்பர்கள், அக்குறிப்பை ஒருமுறை வாசித்துத் திருத்தித் தருவார்களாயின் பேருபகாரமாக இருக்கும்.